ஜெபக்குறிப்பு வாசிச்சதுக்கு அப்புறம் என்ன? சபைப் பொறுப்புல இருக்குறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான போதகர் ஐயாமாருக்கும், மூப்பர்களுக்கும், பெண்கள் ஐக்கியத்த நடத்துற அக்காமாருக்கும் ஸ்தோத்திரம்.

யாரையும் குத்தம் சொல்றதுக்காக இத எழுதல. ரொம்ப நாளா மனசுல கெடக்கு, நேர்ல சொல்ல வந்தா தொண்ட அடைச்சிக்குது, அதனால எழுத்துல சொல்றேன்.

எங்கம்மா பக்கவாதம் வந்து எட்டு மாசம் படுக்கையில இருந்தாங்க. மொத வாரம் வீடு நிறைய ஆளு. ஜெபம் பண்ணாங்க, பாட்டு பாடுனாங்க, அம்மா கையப் புடிச்சி அழுதாங்க, அதெல்லாம் உண்மையான அன்புதான், எனக்கு அதுல சந்தேகமே இல்ல. மூணாவது வாரம் வர்றவங்க கொறைஞ்சாங்க, ரெண்டாவது மாசம் ஞாயித்துக்கிழம ஜெபக்குறிப்புல (யாருக்காக ஜெபிக்கணும்னு சபையில வாசிக்கிற லிஸ்ட்டுல) பேரு மட்டும் வந்துச்சு, அப்புறம் அதுவும் விட்டுப்போச்சு. யாரும் வேணும்னு பண்ணல. அடுத்த வியாதிக்காரங்க பேரு வந்துச்சு, லிஸ்ட் நீண்டுச்சு.

ஒரே ஒரு அக்கா மட்டும் ஒவ்வொரு வியாழக்கிழமையும் மதியம் வந்துருவாங்க. வந்தா பெருசா பேச மாட்டாங்க, "நீ போய் கொஞ்ச நேரம் படு, நான் அம்மாவப் பாத்துக்கறேன்"னு சொல்லிட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்திருப்பாங்க, அம்மாவத் திருப்பிப் படுக்க வைப்பாங்க, கெடக்குற பாத்திரத்தக் கழுவி வச்சிட்டுப் போவாங்க. அந்த ரெண்டு மணி நேரத் தூக்கந்தான் என்னைய அந்த எட்டு மாசம் நடக்க வச்சுது. நான் முழுசா நம்பிக்க இழந்து போகாம இருந்ததுக்கு அந்த வியாழக்கிழமைங்க பெரிய காரணம்.

கள்ளர் அடிச்சுப் போட்டுட்டுப் போன ஒருத்தன வழியில போன சமாரியன் காப்பாத்துனதா இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதைய நாம எத்தன தடவ கேட்டிருப்போம். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்து காயம் கட்டுனதோட நாம நிறுத்திர்றோம். அவன் அன்னைக்கு ராத்திரி சத்திரத்துலயே கூட இருந்தான், மறுநாள் கெளம்பும்போது ரெண்டு பணம் குடுத்தான் (திராட்சத்தோட்ட உவமையில ஒரு பணம் ஒருநாள் கூலி, அப்போ ரெண்டு நாள் ஒழைப்பு அது), குடுத்துட்டு "நான் திரும்பிவரும்போது" மிச்சத்தத் தர்றேன்னு சொல்றான் பாருங்க, எனக்கு அந்தக் கதையோட உயிரே அந்த ஒரு வார்த்தையிலதான் இருக்கு. திரும்பி வர்றேன்னு சொல்லிட்டுப் போறான். நாம மொத தடவ நல்லாவே போறோம் ஐயா. திரும்பிப் போறதுலதான் விட்டுர்றோம்.

பைபிள்ல அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தையும் கொஞ்சம் நெனச்சிப் பாருங்க. கிரேக்கரோட (கிரேக்க மொழி பேசுற யூத விசுவாசிங்களோட) விதவைங்கள "அன்றாட விசாரணையில", அதாவது சாப்பாடு பங்கிட்டுக் குடுக்குறதுல, கவனிக்கலன்னு முறுமுறுப்பு வந்துச்சு. அன்றாடம், அதாவது தெனமும் விசாரிக்கிற வழக்கம் அந்த சபையில ஏற்கனவே இருந்துச்சு, அதுல சிலபேரு விட்டுப்போயிட்டாங்கங்கறதுதான் பிரச்சன. அப்போஸ்தலர்கள் முறுமுறுத்தவங்கள அடக்கல, ஏழு பேரத் தெரிஞ்செடுக்கச் சொன்னாங்க. ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோருன்னு அந்த ஏழு பேரும் கிரேக்கப் பேரு உள்ளவங்க. எந்தப் பக்கத்துல வலி இருந்துச்சோ அந்தப் பக்கத்து ஆளுங்க கையிலயே பொறுப்பக் குடுத்த மாதிரிதான் எனக்குத் தெரியுது. நம்ம கமிட்டியில வியாதியோட வருஷக்கணக்கா போராடுன ஒருத்தராவது, தனியா புள்ளைங்கள வளக்குற ஒரு அம்மாவாவது இருக்காங்களா?

மூணாம் நூற்றாண்டுல கொள்ளைநோய் பரவுனப்போ அலெக்சாந்திரியா பிஷப் தியோனீசியு எழுதுன கடிதத்துல, விசுவாசிங்க நோயாளிங்க பக்கத்துலயே இருந்து பராமரிச்சு அதுலயே செத்தும் போனாங்கன்னு இருக்கு. அவங்ககிட்ட மருந்து இல்ல. விட்டுட்டுப் போகல, அவ்வளவுதான் அவங்களால முடிஞ்சுது. நம்மகிட்ட இன்னைக்கு யாரும் உயிரக் கேக்கல, ஒரு மதியத்தத்தான் கேக்குறாங்க.

நான் கேக்குறது சின்ன விஷயம். ஜெபக்குறிப்புல ஒரு பேரு வாசிச்சா, யாரு போய்ப் பாக்குறதுன்னு பக்கத்துல இன்னொரு பேரு எழுதுங்க. மொத வாரத்துக்கு வேணாம், அப்போ எல்லாரும் போவாங்க. ஆறாவது வாரத்துக்கு எழுதுங்க. போறவங்க போட்டோ எடுத்து குரூப்ல போட வேணாம், படுத்துக் கெடக்குறவங்களுக்கு அது கூச்சம், எங்கம்மா மொகத்தத் திருப்பிக்கிட்டது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. "எதாச்சும் வேணும்னா சொல்லுங்க"ன்னு கேக்காம இந்த நாள் இந்த நேரம் வர்றேன்னு சொல்லச் சொல்லுங்க, கஷ்டத்துல இருக்குறவங்களுக்கு வாயத் தொறந்து கேக்குறதே பெரிய வேல. சபைக்கு வராத பக்கத்து வீட்டுக்காரங்க பேரும் அந்த லிஸ்ட்ல வரட்டும், அடிபட்டுக் கெடந்தவன் யாரு என்னன்னு சமாரியன் விசாரிக்கவே இல்ல.

மூணு மாசத்துக்கு முன்னாடி ரெண்டு குடும்பத்துப் பேரு வாசிச்சீங்க, அப்புறம் அத நான் கேக்கல. அவங்க வீடு எங்கன்னு மட்டும் சொல்லுங்க. வியாழக்கிழம மதியம் எனக்கு ரெண்டு மணி நேரம் இருக்கு, என் பேர எழுதிக்கோங்க.

இப்படிக்கு,
உங்க சபையில பின்வரிசையில உக்கார்ற ஒருத்தி