கோரிக்கை மனு: நிறுத்தப்பட்ட இரவுத் தங்கல் பேருந்தை மீண்டும் இயக்கக் கோருதல்

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்
அனுப்புநர்: ஊர்ப் பொதுமக்கள், முதுகுளத்தூர் வட்டாரம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பரமக்குடியிலிருந்து மாலையில் வந்து, இரவு எங்கள் ஊரில் தங்கி, காலை 6 மணிக்குத் திரும்பும் ஹால்ட் வண்டி 2020 கொரோனா சமயத்தில் நின்றது. நோய் போய்விட்டது, வண்டி வரவில்லை. இது ஐந்தாவது மனு. முந்தைய நான்குக்கும் ரசீது மட்டுமே கிடைத்தது. மெயின் ரோட்டில் ஊருக்குப் பிரியும் விலக்கிலிருந்து ஊருக்கு வரும் நான்கு கிலோமீட்டர் பாதையைத் தாங்கள் தேர்தல் நேரத்தில் நேரில் பார்த்திருக்கிறீர்கள்.

1. எங்கள் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். பழம் பறிக்கத்தான் ஊரில் இளவட்டம் இல்லை.

2. கல்லூரிப் பிள்ளைகள் காலையில் பால் வண்டியில் தொற்றிக்கொண்டு விலக்குக்குப் போய்விடுகிறார்கள். மாலையில் பஸ் அவர்களை விலக்கில் இறக்கும்போது மணி 6.45. கார்த்திகை, மார்கழியில் கும்மிருட்டு. இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம், ஒரு விளக்கு கிடையாது. இருக்கிற ஒரே ஆட்டோவுக்கு ஆளுக்கு 40 ரூபாய். மாதம் 25 நாளுக்குக் கணக்குப் போடுங்கள் ஐயா, புதுமைப் பெண் திட்டத்தில் அரசு தரும் 1,000 ரூபாய் அப்படியே ஆட்டோவுக்குப் போகிறது. மனு எழுதும் நான், என் பேத்திக்காக ஒன்றரை வருடம் விலக்கில் டார்ச் லைட்டோடு நின்றவன். கண்ணில் புரை விழுந்த பிறகு நிற்க முடியவில்லை. அவள் படித்த பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் வருடத்தோடு நின்றது. இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறாள். அவளோடு படித்த பையன்கள் மகாராஷ்டிராவில் முறுக்குக் கம்பெனியில் இருக்கிறார்கள்.

3. கலெக்‌ஷன் இல்லை என்கிறார்கள் போக்குவரத்துக் கழகத்தார். ஏறுவது முக்கால்வாசி பெண்களும் பாஸ் வைத்திருக்கும் பிள்ளைகளும். பெண்களுக்கு டிக்கெட் வேண்டாமென்று 2021-இல் அரசே சொல்லிவிட்டு, கலெக்‌ஷன் எங்கே என்று எங்களைக் கேட்டால் எப்படி? 2025-இல் மினி பஸ் திட்டம் வந்தது. எங்கள் தடத்துக்கு யாரும் விண்ணப்பிக்கவில்லையாம். லாபமில்லை என்று தனியார் ஒதுங்கும் ஊருக்குத்தானே ஐயா அரசு வண்டி? ஓட்டுநர், நடத்துநர் தங்க வசதியில்லை என்றும் ஒரு காரணம். சமுதாயக் கூடத்தில் ஓர் அறையை வெள்ளையடித்து, ஃபேன் மாட்டி, இரண்டு வருடமாகப் பூட்டி வைத்திருக்கிறோம். சாவி என்னிடம்தான் இருக்கிறது.

4. பஸ் வராத ஊருக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கேட்டுவிட்டுத்தான் பையன்கள் போகிறார்கள்.

தொழிற்சாலை கேட்கவில்லை, கல்லூரி கேட்கவில்லை. ஒரு வண்டி. மாலையில் வர, காலையில் போக. வரும் ஜூனில் கல்லூரி திறப்பதற்குள் அந்த வண்டியை விடும்படி மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இந்த வருடம் மூன்று பெண் பிள்ளைகள் பிளஸ் டூ எழுதுகிறார்கள், ஐயா. தயவுசெய்து அந்த வண்டியை விடுங்கள்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்

இணைப்பு: முந்தைய மனு ரசீதுகளின் நகல் – 4