பையை உன்னிடமே வைத்துக்கொள்

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று அனுப்பியதற்கும் முந்தாநாள் அனுப்பியதற்கும் இன்னும் ஒரே டிக்தான் விழுந்திருக்கிறது. நேபாளத்தில் அந்த மானங் ஊரைத் தாண்டினால் சிக்னல் சரியாக இருக்காது என்று நீயே சொல்லியிருந்தாய், அதனால் கோபமில்லை. இங்கே எல்லாரும் நலம். முன்வாசல் கிரில்லுக்குப் பெயின்ட் அடித்தாயிற்று, அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. அப்புறம் அந்தத் தலைவலி எப்படி இருக்கிறது?

"தலை லேசா வலிக்குதுப்பா, என் பையை இவங்கதான் தூக்கிட்டு வர்றாங்க, ஜாலியா இருக்கு" என்று போட்டிருந்தாயே, அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. அந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று அம்மாவைக் கேள். அவ்வளவு உயரத்தில் தலைவலி என்றால் மேலே ஏறாதே. அது குறையும்வரை அதே இடத்தில் இரு, வாந்தியோ தள்ளாட்டமோ வந்தால் ராத்திரியானாலும் கீழே இறங்கு. 3,000 மீட்டருக்கு மேல் போனால் நாளொன்றுக்குத் தூங்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாதாம். மானங்கில் டாக்டர்கள் தினமும் இதைப் பற்றிப் பேசுகிறார்களாமே, நீ போய் உட்கார்ந்து கேட்டாயா, இல்லை உன்கூட வருகிற அந்த நாலு பேரும் ஏரி பார்க்கப் போகலாம் என்றதும் கிளம்பிவிட்டாயா? ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். நீ கடக்கப்போகிற தோரங் லா கணவாய் 5,416. அதாவது ஆனைமுடி மேல் இன்னொரு ஆனைமுடியைத் தூக்கி வைத்த உயரம். டீக்கடையில் இதைச் சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை, போட்டோவைக் காட்டினேன். எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியாது. ஆனால் போக்கரா போய்ச் சேர்ந்த பிறகுதானே எங்களிடம் சொன்னாய். முன்னாடியே சொல்லியிருந்தால் தடுத்திருப்பேன் என்றா நினைத்தாய்? தடுத்திருப்பேன்தான். அது வேறு.

2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹூட்ஹூட் புயல் ஞாபகம் இருக்கிறதா? அது வடக்கே போய் ரெண்டே நாளில் அந்தக் கணவாயில் பனியாகக் கொட்டியிருக்கிறது, அந்தப் பக்கத்தில் 40 பேருக்கு மேல் போய்விட்டார்கள். இப்போது செய்தியில் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்றாலே சாப்பிடுகிற கையை நிறுத்திவிடுகிறேன். விடுதிக்காரர்கள் வானம் சரியில்லை என்று சொன்னால் சொன்னதுதான். கூட வருகிறவர்கள் கிளம்பினாலும் நீ கிளம்பாதே.

அந்த நாலு பேரைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. போட்டோவில் நல்ல பிள்ளைகளாகத்தான் தெரிகிறார்கள், அந்தச் சிவப்புத் தொப்பிக்காரனும் சரி. ஹாஸ்டலில் ஆறு நாள் பழக்கம் என்றாய். சரி. ஆனால் பையை அவர்களிடம் கொடுக்காதே. பெரிய பையை வேண்டுமானால் கொடு. பாஸ்போர்ட், பணம், மாத்திரை, தண்ணீர், கம்பளிக் குல்லா இதெல்லாம் இருக்கிற சின்னப் பை எந்நேரமும் உன் முதுகிலேயே இருக்கட்டும்.

ஏன் இதையே சொல்கிறேன் என்று உனக்குச் சலிப்பாக இருக்கும். எங்கள் பீரோ மேல் இருக்கிற மஞ்சப்பையை ஒரு பொங்கலுக்கு நீ குப்பையில் போட்டாய், நான் கத்தினேன், நீ ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. அது என் பை இல்லை பாப்பா.

1988 ஆடி அமாவாசைக்கு நான் தனியாகச் சதுரகிரி ஏறினேன். வத்திராயிருப்பு பஸ் ஸ்டாண்டில் ஒரு அண்ணாச்சி பழக்கமானார், திண்டுக்கல் பக்கம். உன்னை மாதிரிதான், டீ குடிக்கும்போது பேச ஆரம்பித்து ஒன்றாகவே ஏறினோம். எனக்கு மூச்சு வாங்கியபோதெல்லாம் நின்றார். கருப்பட்டியைப் பல்லால் கடித்துப் பாதி கொடுத்தார். இறங்கும்போது வழுக்குப்பாறையில் அவருக்குக் கால் பிசகிவிட்டது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணுக்கால் வீங்கி எலும்பு மேடு தெரியாமல் போனது. துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டேன். நடக்கத் தோதாக இருக்கட்டும் என்று அவருடைய மஞ்சப்பையையும் நானே வாங்கிக்கொண்டேன். நாலு எட்டு வைத்தார், முடியவில்லை. நீங்க உட்காருங்க, கீழே போய் ஆள் கூட்டிவருகிறேன் என்றேன். சத்தியமாக அப்படி நினைத்துத்தான் இறங்கினேன். அடிவாரத்தில் தாணிப்பாறையில் பஸ் கிளம்ப நின்றது. மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகாவிட்டால் மில்லில் வேலை போய்விடும். எத்தனையோ பேர் இறங்கி வருகிறார்கள், யாராவது தூக்கிவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஏறிவிட்டேன். ஒருத்தரிடமும் சொல்லவில்லை. அங்கே இருந்த போலீஸ்காரரிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பை என் தோளிலேயே இருப்பது தெரிந்தது. உள்ளே ஒரு வேட்டி, அரை எலுமிச்சம்பழம், முப்பத்தெட்டு ரூபாய். அவ்வளவுதான் அவரிடம் இருந்த பணம். அடுத்த வருஷம் ஆடிக்குப் பையோடு போய் அந்தப் பாறை பக்கத்தில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன். கால் தாங்கி நடக்கிற யாரைப் பார்த்தாலும் எழுந்து நின்றேன். அவர் வரவில்லை. அம்மாவுக்கே இது தெரியாது.

நானும் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தேன். அந்த நாலு பேரைப் பற்றி நினைக்கும்போது எனக்கு என் ஞாபகம்தான் வருகிறது, அதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் பையைப் பிடி, பையைப் பிடி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முடியவில்லை என்றால் சிரித்துக்கொண்டே நடக்காதே, வாய்விட்டுச் சொல். அந்தப் பிள்ளைகளில் யாருக்காவது முடியவில்லை என்றால் நீ கூட இரு. டிக்கெட் போனால் போகட்டும், லீவு முடிந்தால் முடியட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

கணவாய் தாண்டினால் முக்திநாத், அதுதான் திவ்யதேசத்தில் வருகிற சாளக்கிராமம். அப்பத்தா 108 திவ்யதேசப் படத்தில் சாளக்கிராமத்தைத் தொட்டுத் தொட்டு அந்த இடமே வெளுத்துப் போயிருக்கும், உனக்குத் தெரியுமே. நூற்றெட்டுத் தாரையிலும் குளிக்க வேண்டாம், தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருக்குமாம், தலையில் தெளித்துக்கொண்டால் போதும். அம்மா ஒரு பாட்டில் தீர்த்தம் கேட்கிறாள்.

சிக்னல் வந்ததும் போன் செய். ராத்திரி எத்தனை மணியானாலும் எடுப்பேன். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம், முதலில் தலைவலி போய்விட்டதா என்று சொல்.

அப்பா