வோக்கல் மியூசிக் மாணவர்களோட பெற்றோர்களுக்கு

அன்பான பெற்றோர்களே, வணக்கம்.

"பையனுக்கு குரல் உடைஞ்சிருச்சு சார், வோக்கல்ல இருந்து எடுத்துட்டு ஏதாச்சும் இன்ஸ்ட்ருமென்ட்ல போட்டுடலாமா"ன்னு இந்த டேர்ம்ல நிறைய பேர் கேட்டுட்டீங்க. தயவுசெஞ்சு எடுக்காதீங்க, அதைச் சொல்லத்தான் இந்த லெட்டர்.

மகரக்கட்டு, அதாவது வளர்ற வயசுல குரல் உடையறது, ஒரு நோய் கிடையாது. இந்த வயசுல பசங்களுக்கு குரல்வளை பெருசாகி குரல்நாண் நீளமாகுது, தடிக்குது, அதனால குரல் ஏறக்குறைய ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, கீழ இறங்குது. பொண்ணுங்களுக்கும் குரல் மாறும், ஆனா கொஞ்சம்தான் இறங்கும், கூடவே கொஞ்ச நாளைக்கு காத்து கலந்த மாதிரி வரும், அது தெரியாம "வாயைத் திறந்து பாடு"ன்னு வீட்ல அதட்டுறாங்க, பாவம் அந்தப் புள்ள வேணும்னு செய்யல.

நேத்து வரைக்கும் சோப்ரானோ, அதாவது கோரஸ்ல இருக்கிறதுலயே மேல் குரல், பாடின பையன் மேல் ஸ்தாயிக்குப் போறப்போ குரல் பட்டுனு விட்டுப்போகும், பக்கத்துல நிக்கிறவன் திரும்பிப் பாப்பான், இவன் முகம் சுண்டிப்போயி அப்புறம் வாயை மட்டும் அசைச்சுட்டு நிப்பான். அப்படிப்பட்ட பசங்களைத்தான் டீச்சர் தனியா கூப்பிட்டு எங்கிருந்து எங்க வரைக்கும் சிரமமில்லாம பாட வருதுன்னு பாத்து அதுக்குக் கீழ நடுவுல வர்ற குரல்களான ஆல்டோவுக்கோ டெனருக்கோ மாத்துறாங்க. இதை தரம் இறக்கிட்டாங்கன்னு நினைக்காதீங்க. மெலடிய யாரும் பிடிச்சுக்கலாம், நடுவுல ஓடுற லைன்ல சுருதி விலகாம நிக்கிறதுக்குத்தான் காது நல்லா பழகியிருக்கணும், என்னைக் கேட்டா அதுதான் கஷ்டமான வேலை. கொஞ்சம்கூட பாட முடியாத நாள்லயும் நொட்டேஷன் படிக்கிறது, இயர் ட்ரெயினிங்னு கிளாஸ்ல வேலை இருக்கு, லீவ் போட வைக்காதீங்க.

வீட்ல பழைய சுருதியிலயே பாடிக் காட்டச் சொல்லாதீங்க. தொண்டையை அடிக்கடி செருமுறதும் குசுகுசுன்னு பேசுறதும் குரலுக்கு ரெஸ்ட் இல்ல, அதுவே சிரமம் கொடுக்கும். குடிக்கிற தண்ணி நேரா குரல்நாண் மேல படாது, உடம்புல சேர்ந்துதான் அங்க ஈரம் போகும், அதனால மேடை ஏறுறதுக்கு முன்னாடி ஒரு பாட்டில் குடிச்சு பிரயோஜனமில்ல, நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா குடிக்கட்டும்.

மகரக்கட்டுன்னு நினைச்சு எல்லாத்தையும் விட்றவும் கூடாது. கரகரப்பு மூணு வாரத்துக்கு மேல இருந்தாலோ, பாடுறப்ப வலிச்சாலோ காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட காட்டிட்டு வோக்கல் டீச்சர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, ரிகர்சல்ல பாட விடாம பாத்துக்குவாங்க.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்