ஸ்பீடு பிரேக்கர எடுக்க வேணாம், அகலப்படுத்துங்க: எங்க அசோசியேஷனுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் சார், செக்ரட்டரி மேடம், கமிட்டில இருக்க எல்லாருக்கும் வணக்கம்.

பி பிளாக் முன்னாடி புதுசா போட்ட ஸ்பீடு பிரேக்கர் பத்தி தான். அது என் காரோட அடியில இடிக்குது, சரி பண்ணுங்கன்னு குரூப்ல கேட்டதுக்கு "தரையோட தரையா இருக்க கார வாங்குனது நீங்க, அதுக்கு அபார்ட்மெண்டே மாறணுமா"ன்னு ஒருத்தர் போட்டாரு, தம்ஸ் அப் வேற குவிஞ்சுது. கேள்வி நியாயம் தான், அதனால என் பக்கத்துல நான் பண்றத மொதல்ல சொல்லிடறேன்.

என் வண்டி போர்ஷே பாக்ஸ்டர், தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார். அதுல மூக்க தூக்குற லிஃப்ட் கிடையாது, போர்ஷே 911 மாதிரி வண்டில ஆப்ஷனா வரும், பட்டன அமுக்குனா முன்பக்கம் சுமார் 4 சென்டிமீட்டர் ஏறும். அது இல்லாததால ஊர்ந்து வந்து, சக்கரம் மேட்டுல ஏறுறதுக்கு முன்னாடியே பிரேக்க விட்டுடுவேன், ஏன்னா பிரேக் புடிச்சிட்டே ஏறுனா மூக்கு இன்னும் கீழ குத்தும். நேரா போகாம குறுக்கா ஏத்துனா ஒரு பக்க சக்கரம் முன்னாடியே ஏறி மூக்க தூக்கி விட்டுடும், இது எல்லா தாழ்வான காருக்கும் தெரிஞ்ச வித்தை தான். ஆனா குறுக்கா திருப்ப இடம் வேணும்ல, அங்க ரெண்டு பக்கமும் பைக் நிக்குது.

கீறல் விழுந்தா பெயிண்ட் அடிச்சுக்கோங்கன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. முன் பம்பருக்கு கீழ இருக்க கறுப்பு பிளாஸ்டிக் பட்டை, அதான் லிப், உரசுறது பத்தி எனக்கு கவலையே இல்ல, அது அடி வாங்கத்தான் இருக்கு, கழட்டி மாத்திக்கலாம். எஞ்சின் பின்னாடி இருந்தாலும் ரேடியேட்டர் முன் பம்பரோட ரெண்டு ஓரத்துலயும் தான் இருக்கு, அங்க பலமா அடிபட்டா செலவு லிப்போட நிக்காது.

இப்ப மேட்டுக்கு வருவோம். ரோட்டுக்கு தரநிலை போடுற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸோட ஐஆர்சி 99ங்கற ஆவணத்துல அளவு தெளிவா இருக்கு: உயரம் 10 சென்டிமீட்டர், வண்டி போற திசைல அகலம் 3.7 மீட்டர், வளைவோட ஆரம் 17 மீட்டர், 25 கிலோமீட்டர் வேகத்துல தாண்டுறதுக்கு. நம்மளுதும் உயரம் 10 தான், ஆனா அகலம் 60 சென்டிமீட்டர், நானே டேப் வச்சு அளந்தேன். ஐஆர்சி மேட்டோட ஓரத்துல சரிவு 6 டிகிரி சொச்சம், நம்மளுத வட்ட வளைவுன்னு வச்சு கணக்கு போட்டா 37 டிகிரி கிட்ட வருது, அது மேடு இல்ல சார், சுவரு. அப்புறம் வண்டியோட வயிறு, அதாவது ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல இருக்க அடிப்பாகம். என் வண்டியோட ரெண்டு ஆக்ஸிலுக்கும் நடுவுல 2.475 மீட்டர், ஐஆர்சி மேட்டுல சக்கரமும் மேலயே இருக்கறதால நடுவுல நாலரை சென்டிமீட்டர் தான் மேடு உள்ள வரும், நம்ம மேட்டுல முழு 10 சென்டிமீட்டரும் வந்து இடிக்குது. அஞ்சு பேர் ஏறுன டாக்ஸி டிசையரும் அங்க தட்டுற சத்தம் கேட்டிருப்பீங்க, ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்து வர்ற பெரியவங்க இடுப்ப பத்தி நான் சொல்லணுமா என்ன.

புள்ளைங்க விளையாடுற இடம், வேகம் கொறையணும், அதுல எனக்கு மாற்றுக்கருத்தே கிடையாது. 25 அதிகம்னு தோணுச்சுன்னா அகலமா ரெண்டு மேடா போடுங்க, நான் சந்தோஷமா மெதுவா போறேன். கடையில விக்கற, போல்ட் போட்டு மாட்டுற ரப்பர் மேடு மட்டும் வேணாம், உயரம் கம்மினாலும் அதுவும் குறுகல் தான்.

பேஸ்மெண்ட் ராம்ப் அடியில தரையோட சேர்ற இடத்துல சரிவு பட்டுனு முடியுது, அங்கயும் மூக்கு தான் உரசுது. அடுத்த தடவ கான்கிரீட் வேலை வர்றப்ப கடைசி கொஞ்ச தூரத்துக்கு மட்டும் பாதி சரிவு குடுத்தா போதும், இதுக்குன்னு தனியா உடைக்க சொல்லல.

அடுத்த கமிட்டி மீட்டிங் அஜெண்டால இத சேருங்க. மேஸ்திரிக்கு கையில குடுக்க பிளைவுட்ல அந்த வளைவ நானே வெட்டி எடுத்துட்டு வரேன், ஓரத்துல இருந்து 92 சென்டிமீட்டர் உள்ள வந்தா உயரம் ஏழரை, நடுவுல 10, அவ்ளோதான் கணக்கு. எக்ஸ்ட்ரா ஆகுற சிமெண்ட், ஜல்லி செலவுல பாதி நான் தரேன். அதுவரைக்கும் அந்த பைக்க மட்டும் ஒரு பக்கமா தள்ளி நிறுத்த சொல்லுங்க, குறுக்கா ஏத்திட்டு போயிடறேன்.

இப்படிக்கு,
பி பிளாக்ல இருந்து அந்த "தரை கார்"காரன்