உடற்கல்வி ஆசிரியர்களின் பணி மனநிறைவு: சனிக்கிழமைக் கலந்துரையாடல்

நண்பர்களுக்கு வணக்கம்.

வரும் சனிக்கிழமை மாலை நம் குழுவில் வேலையில் கிடைக்கும் மனநிறைவு பற்றிப் பேசுகிறோம். பேச்சு சம்பளத்தோடு நின்றுவிட வேண்டாம். சம்பளமும் பணிச்சூழலும் மேலதிகாரியின் போக்கும் மோசமானால் அதிருப்தி வரும், அவை சரியாவதால் மட்டும் நிறைவு வந்துவிடாது என்று அமெரிக்க உளவியலாளர் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959இலேயே எழுதினார். சாதித்த உணர்வு, அங்கீகாரம், பொறுப்பு, இவைதான் நிறைவைத் தருபவை என்பது அவர் கருத்து.

நம் துறையில் அதிகம் அடிபடுவது அங்கீகாரம்தான். தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது விளையாட்டு வகுப்பு. பதக்கம் வந்தால் பாராட்டுவார்கள், சரி. மைதானத்துக்கு வரவே கூச்சப்பட்ட பிள்ளை தானாக ஓடி வந்து பந்து கேட்பதை யார் கணக்கில் எடுக்கிறார்கள்? என்னைக் கேட்டால் அதுதான் பெரிய சாதனை.

வகுப்பை விட்டுத்தரச் சொன்னால் எடுத்துச் சொல்ல ஆதாரம் இருக்கிறது. 5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடற்கல்வி எல்லோருக்குமான அடிப்படை உரிமை என்று யுனெஸ்கோ 1978இல் சாசனமே வெளியிட்டது.

அப்புறம் தொண்டை, முழங்கால், வெயில் பற்றியும் தயங்காமல் பேசுங்கள். வயது ஏற ஏற இந்த வேலையில் உடம்பு படும் பாடு தனி.

உங்களை இந்த வேலையில் நிறுத்தி வைத்திருப்பது எது, விட்டுவிடலாம் என்று நினைக்க வைப்பது எது, இரண்டையும் குரல் பதிவாக அனுப்புங்கள். பள்ளியின் பெயரோ தலைமையாசிரியர் பெயரோ வேண்டாம். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதலில் பேசட்டும்.