வட்டார உறுப்பினரின் கணக்கை எங்கே பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரதேச சபை உறுப்பினர்கள் தங்கள் வட்டாரத்தில் செய்த வேலைகள் என்று வெளியிடும் பட்டியல்களில் கொங்கிறீட் வீதியும் தெருவிளக்குமே நிறைந்து கிடக்கின்றன. கிளிநொச்சியைப் போல ஏ9 வீதியின் இரு பக்கமும் கட்டிடம் எழும்பிக்கொண்டிருக்கும் ஊரில் அந்தப் பட்டியல் போதாது. காணி எப்படித் துண்டாகிறது, மாரித் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது, இந்த இரண்டிலும் ஓர் உறுப்பினர் சபையில் என்ன கேட்டார்? நான் முதலில் பார்ப்பது இவற்றைத்தான்.

அரை ஏக்கரை எட்டாகப் பிரித்தால், பாதைக்கு விடுவதைக் கழிக்காமலே, துண்டு ஒன்று 10 பேர்ச். ஏறக்குறைய 2,722 சதுர அடி. ஒவ்வொரு துண்டிலும் ஒரு கிணறும் ஒரு மலசலகூடக் குழியும் வரும். இரண்டுக்கும் இடையே 50 அடி வேண்டும் என்பார் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். துண்டு 50க்கு 54 அடியாக இருந்து, கிணற்றையும் குழியையும் வேலிகளில் இருந்து பத்துப் பத்து அடி தள்ளி மூலைக்கு மூலை வைத்தாலும் இடைவெளி 45 அடிதான். எல்லோரும் ஒரே மாதிரி வைத்தால் பக்கத்து வீட்டுக் குழி 39 அடிக்குக் கிட்ட வந்துவிடும். அதே 10 பேர்ச்சை 33க்கு 82 அடியாக நீட்டிப் பிரித்து, கிணறுகளை எல்லாம் வீதிப்பக்கமும் குழிகளை எல்லாம் பின்வேலிப்பக்கமும் வைத்தால் 62 அடி கிடைக்கும். செலவு எதுவும் இல்லை. நில அளவையாளர் கோடு போட முன்னர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வீடு எழும்பிய பிறகு இதைத் திருத்தவே முடியாது.

நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகள் பொருந்தும் இடத்தில் ஒரு ஹெக்ரயருக்கு மேற்பட்ட காணியைப் பிரித்தால் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். ஒரு ஹெக்ரயர் என்பது இரண்டரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே அந்தப் பங்கை விடாமல் தப்ப, ஐந்து ஏக்கரை இரண்டு இரண்டு ஏக்கராகத் தனித்தனி விண்ணப்பத்தில் கொண்டுவர இடமிருக்கிறது. அடுத்தடுத்த விண்ணப்பங்களை ஒன்றாக வைத்துப் பாருங்கள் என்று கேட்கும் உறுப்பினர் அந்த ஊரின் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டிடத்தைக் காப்பாற்றுகிறார்.

வன்னிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. குடியேற்றத் திட்டக் காணிகளில் பெரும்பகுதி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட பேர்மிட் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. பிரதேச செயலகத்தின் அனுமதி இல்லாமல் பிரிக்க முடியாது. அதனால் வெறும் தாளில் எழுதிக் கைமாறுகிறது, வரைபடம் எதுவும் சபைக்கு வருவதில்லை. பத்து வீடு வந்த பிறகு பார்த்தால் ஒழுங்கை எட்டடி. குழி நிறைந்த நாளில் கழிவகற்றும் பவுசர் (தாங்கி வண்டி) ஒழுங்கை வாசலிலேயே நிற்கும். இப்படிப்பட்ட காணிகளுக்குப் பிரதேச செயலகமும் சபையும் சேர்ந்து முன்கூட்டியே பாதையைக் குறித்து வைக்கும்படி பிரேரணை கொண்டுவந்தாரா என்று எந்த உறுப்பினரிடமும் கேட்கலாம்.

இனித் தண்ணீர். பழைய கிரவல் வீதியைச் சுரண்டி எடுக்காமல் புதுக் கிரவலும் 6 அங்குலக் கொங்கிறீட்டும் போட்டால் வீதி கிட்டத்தட்ட ஓர் அடி உயரும். மேட்டுப்பக்கத்து வளவுகளுக்கு அது அணைக்கட்டு. இதைத் தவிர்க்க மதிப்பீட்டிலேயே இரண்டு வரி இருக்க வேண்டும்: பழைய தளத்தை வெட்டி இறக்குதல், தண்ணீர் கடக்கும் இடத்தில் மதகு. மதகுக் குழாய் இரண்டடி விட்டத்துக்குக் குறைந்தால் மண்ணும் பொலித்தீனும் சேர்ந்து முதல் மாரியிலேயே அடைக்கும், உள்ளே கைவிட்டுத் துப்புரவு செய்யவும் முடியாது. பிறகு வீட்டுக்காரர் படலைக்கு முன்னால் வடிகானை நிரவி நாலு அங்குலக் குழாய் வைப்பார். ஒரு வீட்டில் அடைத்தால் மேலே பத்து வீட்டுக்கு வெள்ளம். படலைக்குக் கொங்கிறீட் மூடி போட வேண்டும் என்பதைச் சபை கட்டாயமாக்க வேண்டும்.

வடிகான் ஒரே ஆளுடையதும் அல்ல. உள்வீதி சபைக்கு, அடுத்தது மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு, ஏ9 வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சிறு குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. நால்வரும் ஒரே மேசையில் இருப்பது பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில். தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது என்ற படத்தை அங்கே விரிக்கச் செய்தவர் வேலை செய்தவர். 2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் வயலையும் வாய்க்கால் ஓரத்தையும் நிரவுவதைக் கண்டும் காணாமல் இருப்பவரை நான் மன்னிக்கத் தயாரில்லை.

நியாயமும் பேச வேண்டும். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6 தேர்தலின் பின் புதிய சபைகள் பொறுப்பேற்கும் வரை நிர்வாகம் செயலாளர்களிடம் இருந்தது. அந்தக் காலத்து அனுமதிகளை உறுப்பினர் தலையில் கட்டக்கூடாது. கட்டிட விண்ணப்பத்தை அங்கீகரிப்பதும் தவிசாளரும் அதிகாரிகளும் இருக்கும் திட்டமிடற் குழுவே. ஆனால் மாதாந்த அமர்வில் கேள்வி கேட்கும் உரிமை ஒவ்வோர் உறுப்பினருக்கும் உண்டு.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் குடிமக்கள் யாரும் விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கேட்க வேண்டியவை: உறுப்பினரின் பிரேரணைகள் உள்ள கூட்ட அறிக்கைகள், வட்டார வீதிகளின் மதிப்பீடுகள், அனுமதியற்ற கட்டிடங்களுக்கு அனுப்பிய அறிவித்தல்கள், ஆண்டுவாரியாக வழங்கிய கட்டிட அனுமதிகளும் வரைபடப்படி கட்டி முடித்ததை உறுதிசெய்து வழங்கிய இணக்கச் சான்றிதழ்களும். கடைசி இரண்டு எண்ணிக்கையும் வெகுதூரம் விலகியிருந்தால், வரைபடத்தில் வாகனத் தரிப்பிடமாக இருந்தது கடையாகிவிட்டதா என்று போய்ப் பார்க்க வேண்டிய கட்டிடங்கள் நிறைய உள்ளன என்று பொருள்.

மாத அமர்வு முடிந்ததும் யார் என்ன பிரேரணை கொண்டுவந்தார், அதற்கு என்ன பதில் கிடைத்தது என்பதை வட்டாரம் வட்டாரமாகத் தங்கள் பத்திரிகை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அரைப் பக்கம் போதும்.

ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்,
கிளிநொச்சி.