நம் மொழிபெயர்ப்புச் செயலிக்கு ஏன் இத்தனை அப்டேட்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் லாட்ஜ் நடத்துகிறவர்கள், மருந்துக் கடைக்காரர்கள், மெஸ் வைத்திருக்கும் அக்காமார், ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் ஆட்டோ அண்ணன்மார் என்று நம் கடையில் மொழிபெயர்ப்புச் செயலியை ஏற்றிக்கொண்டு போன எல்லோருக்கும் இந்த மடல். கொஞ்ச காலமாக ஒரே கேள்வியைத்தான் பலரும் கேட்கிறீர்கள்: "நெட்டே வேண்டாத ஆப்புக்கு எதுக்கு இத்தனை அப்டேட்? பார்த்தா எதுவும் மாறலையே?" நியாயமான கேள்வி. கடையில் கூட்டமாக இருக்கும்போது பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. அதனால் முழுசாக எழுதிவிடுகிறோம்.

மாறுவதெல்லாம் உள்ளே. பிளே ஸ்டோரில் இருக்கும் செயலிகளை ஆண்டுதோறும் புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்றபடி திருத்தித் தர வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் விதி. 2025 ஆகஸ்ட் 31-லிருந்து, ஆண்ட்ராய்டு 15-ஐயாவது கணக்கில் கொண்டு செய்த அப்டேட்டைத்தான் வாங்கிக்கொள்கிறார்கள். திருத்தாமல் விட்டால் உங்கள் போனில் இருப்பது அழிந்துவிடாது, வழக்கம்போல ஓடும். ஆனால் ரொம்பப் பழசாகிப் போன செயலி, புதிய ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் புது ஆட்களுக்கு ஸ்டோரில் கிடைக்காது. வேலூரில் அந்தப் புது ஆள் யார்? கொல்கத்தாவிலிருந்தோ ராஞ்சியிலிருந்தோ சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்க வந்து, இன்று காலைதான் காட்பாடியில் இறங்கியவர். அவருக்கு உதவத்தான் இந்தச் செயலியே இருக்கிறது. அவர் தேடும்போது கிடைக்காவிட்டால் நம்மிடம் இருந்து என்ன பயன்?

அப்டேட் வந்தால் பழைய போனில் ஓடாமல் போய்விடுமோ என்று லாட்ஜ்காரர்கள் சிலர் பயப்படுகிறார்கள். அது வேறு, இது வேறு. விதி கேட்பது புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதை. எவ்வளவு பழைய போன் வரை ஓட வேண்டும் என்பது செய்கிறவர் முடிவு. ரிசப்ஷன் மேஜையில் கிடக்கும் பழைய 32 பிட் போன்களுக்கான வடிவத்தையும் நாங்கள் விடாமல் சேர்த்துத்தான் தருகிறோம்.

இந்த முறை அதிக வேலை வாங்கியது இன்னொரு விதி. ஆண்ட்ராய்டு போன்கள் இதுவரை நினைவகத்தை 4 கேபி துண்டுகளாகப் பிரித்துக் கையாண்டன. புதிதாக வரும் சில போன்கள் 16 கேபி துண்டுகளாகக் கையாளும். 2025 நவம்பர் 1 முதல், ஆண்ட்ராய்டு 15-ஐ இலக்காகக் கொண்ட செயலிகள் இதற்கும் ஒத்துப்போக வேண்டும் என்றார்கள். சாதாரணச் செயலிக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் மொழிபெயர்ப்பு எஞ்சின் வேகம் வேண்டி சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்டது. அதையும், அது நம்பியிருக்கும் மற்ற நிரல் தொகுப்புகளையும் திரும்பக் கட்ட வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அந்தப் போன்களில் செயலி திறந்த உடனே நின்றுவிடக்கூடும். திரையில் எதுவும் மாறாமல் ஒரு பெரிய அப்டேட் வந்ததே, அது இதுதான்.

அப்புறம், எங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம். ஒருவர் தன் அம்மாவுக்கு என்ன நோய், கையில் எவ்வளவு பணம் இருக்கிறது, ரூம் இன்னும் எத்தனை நாளைக்கு வேண்டும் என்பதையெல்லாம் இந்தச் செயலியிடம்தான் சொல்கிறார். அந்த வார்த்தைகள் போனை விட்டு வெளியே போகக் கூடாது. எந்தத் தகவலையும் சேகரிக்காத செயலியாக இருந்தாலும், என்ன தகவல் எடுக்கிறோம் என்று சொல்லும் தரவுப் பாதுகாப்புப் படிவத்தை நிரப்பி, தனியுரிமைக் கொள்கையை எழுதி இணைப்புக் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது பிளே ஸ்டோர். இந்த விதியை நாங்கள் மனதார வரவேற்கிறோம். நாம் எழுதிய நிரல் மட்டுமல்ல, வெளியிலிருந்து எடுத்துச் சேர்த்த துணுக்குகள் தகவலை அனுப்பினாலும் அதையும் படிவத்தில் சொல்ல வேண்டும். அதனால் விளம்பரத் துணுக்கோ, செயலி நின்றுபோனால் தானாக அறிக்கை அனுப்பும் துணுக்கோ இதில் கிடையாது. இதனால் ஒரு சிரமமும் உண்டு: உங்கள் போனில் செயலி நின்றுபோனால் எங்களுக்குத் தெரியவே தெரியாது. தயவுசெய்து கடைக்கு வந்து சொல்லுங்கள்.

"அப்படியானால் அனுமதிப் பட்டியலில் இன்டர்நெட் ஏன் இருக்கிறது?" மொழித் தொகுப்பை, அதாவது ஒவ்வொரு மொழியையும் மொழிபெயர்க்கத் தேவையான தரவுக் கோப்பை, இறக்குவதற்கு மட்டும். இறக்கிய பிறகு ஏரோபிளேன் மோடு போட்டுப் பாருங்கள், தமிழிலிருந்து வங்காளம் வரும். மைக் அனுமதியை மைக் பொத்தானைத் தொட்டால்தான் கேட்கும். வேண்டாம் என்றாலும் தட்டச்சு செய்து மொழிபெயர்க்கலாம். எங்கள் வார்த்தையை மட்டும் நம்ப வேண்டியதில்லை; நிரல் முழுவதும் பொதுவில் இருக்கிறது, விவரம் தெரிந்த பிள்ளைகளிடம் காட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மொழித் தொகுப்பைச் செயலிக்குள்ளேயே புதுப்பிக்கலாம், எஞ்சினுக்கு மட்டும் ஸ்டோர் அப்டேட் வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. ஸ்டோர் மூலம் வந்த செயலி, இயங்கும் நிரலை வேறு இடத்திலிருந்து இறக்கக் கூடாது என்பது விதி. தொகுப்பு வெறும் எண்களாலான தரவு. எஞ்சின் இயங்கும் நிரல்.

தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது உரிமத்தையும் பார்த்தோம். மெட்டா நிறுவனம் 2022-இல் வெளியிட்ட மொழிபெயர்ப்புத் தொகுப்பு 200 மொழிகளை அறியும், ஆனால் அதன் உரிமம் வணிகப் பயன்பாட்டை அனுமதிப்பதில்லை. லாட்ஜிலும் கடையிலும் பயன்படுத்துகிற செயலிக்கு அது சரிவராது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஏ.ஐ.4பாரத் குழு 2023-இல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2 என்ற தொகுப்பு, இந்திய அரசியலமைப்பின் அட்டவணை மொழிகள் 22-க்கும் உண்டு, உரிமமும் தாராளம். அதன் சுருக்கப்பட்ட வடிவத்தைத்தான் வைத்திருக்கிறோம்.

வாட்ஸ்அப்பில் யாராவது ஏ.பி.கே. கோப்பு (ஸ்டோர் இல்லாமல் நேரடியாகச் செயலியை ஏற்றும் கோப்பு) அனுப்பினால் ஏற்றாதீர்கள். நிரல் பொதுவில் இருப்பதால் யார் வேண்டுமானாலும் எடுத்து விளம்பரம் சேர்த்துப் பரப்பலாம். பிளே ஸ்டோர் வேண்டாம் என்பவர்களுக்கு, நிரல் பொதுவில் உள்ள செயலிகளுக்கான எஃப்-டிராய்டு ஸ்டோர் இருக்கிறது. அங்கே மூல நிரலிலிருந்து அவர்களே கட்டித் தருகிறார்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: இரண்டு இடத்துச் செயலிக்கும் கையொப்பம் (யார் தந்த செயலி என்று போன் சரிபார்க்கும் முத்திரை) வேறு. ஒன்றின் மேல் மற்றொன்று ஏறாது. மாற வேண்டுமென்றால் பழையதை நீக்க வேண்டும், அப்போது இறக்கிய தொகுப்புகளும் போய்விடும்.

ஐபோனுக்கு ஏன் இல்லை என்பவர்களுக்குச் சுருக்கமாக: நம் நிரல், யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிப் பரப்பலாம் என்கிற ஜி.பி.எல். உரிமத்தில் இருக்கிறது. ஆப்பிள் ஸ்டோரின் நிபந்தனைகளோடு அந்த உரிமம் மோதியதால்தான் வி.எல்.சி. வீடியோ பிளேயர் 2011-இல் அங்கிருந்து எடுக்கப்பட்டது. உரிமத்தை மாற்றிய பிறகு 2013-இல் திரும்பி வந்தது. நம்முடையதற்கும் பங்களித்தவர்கள் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். கேட்டு வருகிறோம்.

ஸ்டோர் பக்கத்தில் இதை மருத்துவச் செயலி என்று நாங்கள் எங்கும் எழுதவில்லை, எழுதவும் மாட்டோம். ரூம் வாடகை, சாப்பாடு, வழி, ஆட்டோ கட்டணம் இவற்றுக்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். மாத்திரை அளவு, ஆபரேஷன் சம்மதப் படிவம் என்று வந்தால் ஆஸ்பத்திரியில் அந்த மொழி தெரிந்த ஊழியரைக் கூப்பிடச் சொல்லுங்கள். உங்களிடம் தங்கியிருப்பவர்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அப்டேட் செய்யத் தெரியாதவர்கள், போனில் இடம் இல்லாதவர்கள் கடைக்குக் கொண்டு வாருங்கள். கடை வைஃபையிலேயே வங்காளம், இந்தி, அசாமியத் தொகுப்புகளை ஏற்றித் தருகிறோம். காசு வேண்டாம்.

அன்புடன்,
கடை ஊழியர்கள்
வேலூர்